கை விட்டுப் பார்த்தல்

எங்கள் லாண்டிரியில் ஒரு பழக்கம் உண்டு. துணி வண்டியில் துணியைப் போடுவதற்கு முன்னால், யாராக இருந்தாலும் சரி, குனிந்து இரண்டு கையையும் அடிவரைக்கும் விட்டு ஒரு தடவை துழாவிப் பார்ப்பார்கள். இடுப்பளவு உயரம், நான்கு சின்னச் சக்கரம், சுற்றிலும் கித்தான் துணி கட்டிய வண்டி. காலியாக இருப்பது கண்ணுக்கே தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் கித்தானின் தையல்கூடத் தெரியும். இருந்தாலும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். எப்போதோ ஓட்டல் விரிப்புக்குள்ளிருந்து வைர மோதிரம் ஒன்று விழுந்ததாம், அந்த ஆசையில்தான் எல்லாரும் துழாவுகிறார்கள் என்பாள் ஒருத்தி. மோதிரம் இல்லை, யாரோ ஒரு பெரிய மனிதரின் பல்செட்டு, அவர் பொக்கை வாயோடு வாசலில் வந்து சண்டை போட்டார் என்பாள் இன்னொருத்தி. பூனை குட்டி போட்ட கதை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரித் துணியோடு ஊசியும் கத்தரிக்கோலும் வந்துவிடும் என்பது கொஞ்சம் விவரமானவர்கள் சொல்வது. இப்போதிருக்கிற மேனேஜர் அதைப் பாதுகாப்பு விதி என்று பலகையில் எழுதி மாட்டியே விட்டார். பார்வையிட வருகிறவர்களிடம், நம்முடைய ஆட்களுக்கு எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் என்று பெருமையாகக் காட்டுகிறார்.

நான் அங்கே மடிப்பு மேசையில் இருந்த காலத்தில்தான் அது தொடங்கியது. யாருக்காகத் தொடங்கியது என்று தெரிந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் நானும் பாய்லர்காரரும்தான். அவருக்குக் காது போய்விட்டது.

அந்தக் குடும்பம் நான் இருந்த கட்டடத்திலேயே, எனக்கு நேர் கீழே குடியிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் கம்பி போட்ட குட்டி பால்கனி. மூன்று பேருக்கும் லாண்டிரியில்தான் வேலை. பெரியக்கா, அவள் தம்பி, தம்பி பெண்டாட்டி. மழைக்காலத்தில் அவர்களுடைய துணி ஒருநாளும் காயாது. "ஊருல உள்ள துணியெல்லாம் நாம காய வைக்கிறோம், நம்ம துணி மட்டும் நாலு நாளா சொட்டுது பாரு" என்று பெரியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்துவாள். நான் மாடியிலிருந்து சிரிப்பேன்.

பெரியக்கா என்பது அவளுக்கு எல்லாரும் வைத்த பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆள் வாட்டசாட்டம். வேலை, அழுக்குத் துணி பிரிக்கிற கொட்டகையில். வேனில் வந்து இறங்குகிற மூட்டையை அவிழ்த்து, ரத்தக்கறை தனி, எண்ணெய்க்கறை தனி, துண்டு தனி, விரிப்பு தனி என்று பிரித்து வண்டி வண்டியாகப் போடுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. அவளோ பாடிக்கொண்டே செய்வாள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். ஒரு வருஷம்கூட முழுதாக வாழவில்லை, போன இடம் தெரியாது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். தம்பி வேன் ஓட்டினான். ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாம் போய் அழுக்கை ஏற்றி வந்து, வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வேன்காரன் என்றுதான் அவனைச் சொல்வோம்.

தம்பிக்குப் பெண் பார்த்ததும் பெரியக்காதான். வேலை கேட்டு லாண்டிரி வாசலில் வந்து நின்ற ஒரு ஒல்லிப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "கறை இருக்கா, கிழிசல் இருக்கான்னு துணி பிரிக்கிற மாதிரி பாத்துப் பாத்து எடுத்தேன்" என்பாள். அந்தப் பெண் உருளை இஸ்திரியில் சேர்ந்தாள். ஈரம் போன விரிப்பை இரண்டு முனையும் பிடித்துச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். கை கொஞ்சம் முன்னால் போனால் வெந்துவிடும். அவள் அதைப் பார்க்காமலேயே செய்வாள். உருளைக்காரி அதிகம் பேச மாட்டாள். பெரியக்கா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

ரொம்ப வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போது அவ்வளவு சின்னது. "சுண்டுவிரல் அளவுதான் இருக்கா" என்று பெரியக்கா சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்தது. குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, தூங்கவைப்பது எல்லாம் அத்தைதான். பால் கொடுக்க மட்டும் அம்மா. "என் வேலைய எல்லாம் அண்ணி எடுத்துக்கிட்டாங்க, எனக்குப் பால்காரி உத்தியோகம்தான்" என்று உருளைக்காரி ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் தமாஷ் பேசி நான் கேட்டது அபூர்வம்.

குழந்தைக்குக் கழுத்து நின்றதும் அவள் வேலைக்குத் திரும்பினாள். அவர்களுக்கும் கீழ்வீட்டில் இருந்த தையல்காரர் மனைவி பகலில் சுண்டுவைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நாள் விடாத மழை. பிரிக்கிற கொட்டகையிலும் வேனிலும் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அக்காவும் தம்பியும் போய்விட்டார்கள். நானும் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டேன். அவர்கள் எல்லாரும் போன பிறகுதான் தையல்காரர் வந்து, வீட்டில் அவளுக்கு அனலாகக் காய்கிறது, குழந்தையை இன்றைக்குப் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். உருளையில் கூட நிற்கிற இன்னொருத்தி ஏற்கெனவே லீவு. இவளும் போகாவிட்டால் மிஷினையே நிறுத்த வேண்டும். குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். இதெல்லாம் அவளே பிற்பாடு எனக்குச் சொன்னது.

எங்கள் சூப்பர்வைசருக்கு விசில் என்று பெயர். மிஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று கழுத்தில் விசில் மாட்டியிருப்பார்.

"என்னம்மா இது? லாண்டிரியா, தொட்டில் கடையா?"

"இன்னைக்கு ஒரு நாள் சார். வேற வழியில்ல."

"அழுதா?"

"அழ மாட்டா சார். பால் குடிச்சிட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா."

"மேனேஜர் கண்ணுல படாம வை. எனக்குத் தெரியாது, ஆமா."

அப்படிக் குழந்தைகள் வந்து தூங்கியது அதற்கு முன்னாலும் உண்டு. உலர்த்துகிற மிஷின் பக்கம் ஒரு மூலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். வெளியே அப்படிக் குளிர். அவள் ஒரு காலி வண்டியை அந்த மூலையில் நிறுத்தி, வெளுத்த விரிப்பை நாலாக மடித்து அடியில் போட்டு, குழந்தையைப் படுக்கவைத்தாள். அங்கே பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். மூக்கில் போகக் கூடாது என்று வண்டியின் வாயில் ஒரு மெல்லிய துண்டை விரித்துவிட்டு உருளைக்குப் போனாள். அத்தையிடம் ஓடிப்போய்ச் சொல்ல நினைத்தாளாம். அதற்குள் விசில் ஊதிவிட்டார். சாப்பாட்டு வேளையில் சொல்லலாம், அண்ணி சந்தோஷப்படுவாங்க என்று இருந்துவிட்டாள்.

மழையில் வேன் தாமதமாக வந்தது. மூட்டை இறக்குகிற மேடைக்கு முன்னால் முழங்கால் தண்ணீர். அதனால் வேன்காரன் வேனைப் பின்பக்கம் கொண்டுவந்து, உலர்த்துகிற கூடத்தின் வழியாக மூட்டைகளை உள்ளே எடுத்தான். நனைந்து, பசித்து, அவசரத்தில் இருந்தான். கொட்டகையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, வண்டி இல்லடா இங்க! காலி வண்டி ரெண்டு தள்ளி விடு!"

வழியை மறித்துக்கொண்டு மூலையில் நின்ற இரண்டு வண்டியை அவன் தள்ளிவிட்டான். ஒன்றின் மேல் துண்டு கிடந்தது. துண்டு கிடக்காத வண்டி அங்கே எது? சரிவான தரை. வண்டி தானாக உருண்டு கொட்டகைக்குள் போயிற்று. பெரியக்கா பாடிக்கொண்டே ஈர விரிப்புகளை அள்ளி அள்ளி அதில் போட்டாள். நிறைந்ததும் வரிசையில் தள்ளி நிறுத்தினாள்.

பால் நேரம் வந்து மார்பு கனத்ததும் உருளைக்காரி மூலைக்குப் போனாள். வண்டி இல்லை. யாராவது தூக்கி வைத்திருப்பார்கள் என்று முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "சுண்டு எங்க? யாருகிட்ட இருக்கா?" அப்போதுதான் குழந்தை வந்ததே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் குரல் மாறியதைக் கேட்டு மடிப்பு மேசையை விட்டு எல்லாரும் ஓடினோம். பாய்லர்காரர் போய் மிஷின்களை நிறுத்தினார். அந்தக் கூடம் அப்படி நிசப்தமாகி நான் பார்த்ததில்லை. மழை மட்டும் தகரத்தில் கொட்டியது.

வரிசையில் நின்ற வண்டிகளை ஆளுக்கொன்றாகக் கவிழ்த்தோம், துணியை வாரி வெளியே எறிந்தோம். பெரியக்காவுக்கு என்ன தேடுகிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் எந்த வண்டியையும் கவிழ்க்கவில்லை. ஒரு வண்டிக்கு நேராகப் போனாள். துண்டு போட்ட வண்டி அவளுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு கையையும் தோள்வரைக்கும் உள்ளே விட்டாள். அப்படியே நின்றாள்.

எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

போலீஸ் வந்தது, விசாரித்தது, போயிற்று. யாருடைய குற்றமும் இல்லை என்று எழுதினார்களாம். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு குழந்தைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. அதைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம், ரொட்டியும் பருப்பும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்த வீட்டில் அடுப்பு எரிந்த வாசனையே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. பெரியக்கா தன் சேலைகளை ஒரு போர்வையில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தம்பி வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தான்.

"எங்கக்கா போற?" என்றான்.

"எங்கயோ. டயர் கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு."

"நீ போகக் கூடாது."

"போகாம? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா இங்க சோறு திங்கிறது? நான் போட்டேன்டா. இந்தக் கையால அள்ளி அள்ளிப் போட்டேன். பாடிக்கிட்டே போட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? வண்டியத் தள்ளி விட்டது நான். துண்டைத் தூக்கிப் பாத்திருந்தா..."

"வண்டி கேட்டது யாரு? நான் கேட்டேன்."

"கேட்டா? குடுத்தது நான்தானே? உள்ள என்ன இருக்குன்னு பாக்க எனக்கு என்ன கேடு?"

"நீ நனைஞ்சு வந்தவன்டா. உனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு மட்டும் தெரியுமா?"

சொத்துக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு குற்றத்தைத் தனக்குத்தான் வேண்டும் என்று அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றேன். அப்போது உள்ளறையிலிருந்து உருளைக்காரி வந்தாள். தலை வாரவில்லை. ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. பால் இன்னும் நிற்கவில்லை.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றாள். "படுக்க வச்சது நான். தூசி விழும்னு மூடினதும் நான். அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாததும் நான்."

பெரியக்காவின் கை மூட்டையின் மேல் நின்றது.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல அண்ணி. சத்தியமா இல்ல." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா நீங்க குளிக்கப் போனா, தண்ணி ஊத்துற சத்தம் கேட்டா, சுண்டுவக் குளிப்பாட்டுறீங்கன்னு எழுந்திரிச்சு ஓடி வரேன். நீங்க இருமினா, அவளத் தூங்க வைக்கிறீங்கன்னு தோணுது. என்னால முடியல."

பெரியக்கா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "அதுக்குத்தாம்மா போறேன்" என்றாள்.

தம்பி எழுந்து வழிவிடவில்லை. அவள் அவன் தலையில் கை வைத்து, சின்னப் பிள்ளையைத் தள்ளுகிற மாதிரி ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாள். அவன் அதற்குப் பிறகு வேன் ஓட்டவில்லை. மரக்கடையில் பலகை சுமக்கப் போனான். சக்கரம் வைத்த எதையும் அவன் தொட்டு நான் பார்க்கவில்லை. கடைக்காரன் தள்ளுவண்டி கொடுத்தாலும் தோளில்தான் சுமந்தானாம்.

மழை முடிந்து வெயில் தொடங்கியபோது உருளைக்காரி வேலைக்குத் திரும்பினாள். "வீட்டுல இருந்தா சுவரு பேசுது மேல்வீட்டக்கா. மிஷின் சத்தம் கொஞ்சம் தேவலாம்" என்றாள். பெரியக்கா வேலையை விடவில்லை. ஆனால் கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டாள். இவள் கூடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக மாட்டாள். நடுவில் ஒரு இரும்புக் கதவுதான். ஒரே வாளியிலிருந்து தேநீர் இரண்டு பக்கமும் போகும். பேச்சு மட்டும் போகாது.

திரும்பி வந்த அன்றைக்கே நாங்கள் கவனித்தோம். உருளைக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் அவள் முதலில் கையை விட்டாள். மேலிருந்து துணியை எடுக்காமல், துணிக்குள் கையை நுழைத்து அடிவரைக்கும் துழாவினாள். நாலு மூலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் ஒரு விரிப்பை உருவினாள். காலி வண்டியைத் திருப்பி அனுப்பும்போதும் அதேதான். முகத்தில் ஒன்றும் இருக்காது. கை மட்டும் தேடும்.

விசில் முதலில் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்கும் அந்த மழை நாள் நெஞ்சில் கிடந்தது. முன்போல் அவர் விசில் ஊதுவதே இல்லை. ஆனால் உருளை துணி இல்லாமல் வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. உலர்ந்த துணி குவிந்தது. எங்கள் மேசைக்கு மடிக்கத் துணி வரவில்லை. ஓட்டலிலிருந்து புகார் வந்தது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், உருளைக்காரி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, விசில் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"மேனேஜர் அந்தப் பொண்ண நிறுத்திடணும்னு பாக்குறாரு. மனசு சரியில்லாதவங்கள மிஷின் பக்கம் விடக் கூடாதாம். நாளைக்கு வந்து பாப்பாராம். அப்பவும் இப்படியேன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடச் சொல்றாரு."

"அனுப்பினா அவ எங்க போவா சார்?" என்றேன்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பாக்கறவங்களுக்குப் பைத்தியம் மாதிரிதானே தெரியுது?"

இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து பெரியக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். வாட்டசாட்டமான உடம்பு பாதியாகியிருந்தது.

"ஏன் சார், ஒருத்தி செஞ்சாத்தானே பைத்தியம்னு சொல்லுவீங்க?"

"அப்படின்னா?"

"எல்லாரும் செஞ்சா?"

விசில் அவளைப் பார்த்தார். "எல்லாரும் செஞ்சா வேலை படுத்துடும்."

"படுக்காது. நாங்க கொஞ்சம் முன்னால வந்துடறோம்." அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி எதையும் யாரிடமும் கேட்டவள் கிடையாது. "உங்க எல்லார் காலிலயும் விழறேன். அவ ஒருத்தியா குனியக் கூடாது. நீங்களும் குனியுங்க. கையை விடுங்க, எடுங்க, அவ்வளவுதான். அங்க ஒண்ணும் இருக்காது, அது எனக்கும் தெரியும். இனிமே இந்த இடத்துல ஒரு குழந்தையும் வரப் போறதில்ல. அவளுக்கும் தெரியும்மா. ஆனா கை கேக்கல. தெரிஞ்சும் கேக்கல."

 மடிப்பு மேசையில் எப்போதும் வம்பு பேசுகிற ஒருத்தி இருந்தாள்; வாயாடி என்றே பெயர். அவள்தான் முதலில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற காலி வண்டியில் குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். நிமிரும்போது அவள் கண் நிறைந்திருந்தது.

அடுத்த நாள் மேனேஜர் வந்தபோது கூடம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. துவைக்கிற மிஷின் பக்கம், உலர்த்துகிற பக்கம், எங்கள் மேசை, எங்கு பார்த்தாலும் வண்டிக்குள் கை. நடுவில் உருளைக்காரியும் குனிந்தாள். அவளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"என்ன இது புதுசா?" என்றார் மேனேஜர்.

பாய்லர்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ஆஸ்பத்திரித் துணியில ஊசி வருது சார். போன வாரம் ஒருத்திக்குக் குத்திடுச்சு. அதான் எல்லாரையும் பாக்கச் சொல்லியிருக்கேன்."

மேனேஜர் விசிலைப் பார்த்தார். விசில் தலையாட்டினார்.

"நல்லது. பாத்துச் செய்யுங்க" என்று மேனேஜர் மாடியேறினார்.

ஊசிக் கதை அப்படிப் பிறந்ததுதான். மற்றக் கதைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

அவளுக்காக என்று உருளைக்காரிக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்கும்.  அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எங்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வருஷங்கள் ஓடின. புதிதாக வந்தவர்கள் கேட்காமலே கற்றுக்கொண்டார்கள். எங்களுக்கும் கை பழகிவிட்டது. நான் வீட்டில் அரிசிப் பானையில்கூட அளப்பதற்கு முன் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். உருளைக்காரிக்கு மறுபடி குழந்தை உண்டாகவில்லை. அவளும் வேன்காரனும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை, சிரித்தும் கேட்டதில்லை. மரக்கடையிலிருந்து வந்து அவன் பால்கனியில் உட்காருவான். அவள் தேநீர் கொண்டுபோய் வைப்பாள். இருட்டுகிறவரைக்கும் தெருவைப் பார்ப்பார்கள். மாசம் ஒருமுறை அவன் டயர் கடைப் பக்கம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவான். போய் வந்ததை அவன் சொல்ல மாட்டான். அவள் கேட்க மாட்டாள்.

மெல்ல மெல்ல அவளுடைய கை மாறியது. நாலு மூலை தொட்டவள் இரண்டு மூலை தொட்டாள். பிறகு ஒரு கை மட்டும். ஒருநாள் நான் மடித்துக்கொண்டே பார்த்தேன். வண்டி வந்தது, அவள் மேலிருந்து விரிப்பை எடுத்தாள், உருளைக்குள் நுழைத்தாள். கையை விடவில்லை. அடுத்த வண்டியிலும் விடவில்லை. வாயாடி என்னை முழங்கையால் இடித்தாள்.  ஆனால் நாங்கள் நிறுத்தவில்லை. யாருக்காகச் செய்தோமோ அவள் விட்டுவிட்டாள், நாங்கள் செய்துகொண்டிருந்தோம். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

பெரியக்கா நிலைமை வேறு. அவளுக்கு அது கூடிக்கொண்டே போயிற்று. முதலில் எல்லாரையும்போல் ஒரு தடவை. பிறகு துணியைப் போட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை. பிறகு போட்ட துணியை எல்லாம் வெளியே எடுத்து, உதறி, அடியைத் தடவி, திரும்பப் போடுவது. பாட்டு எப்போதோ நின்றுவிட்டது. கொட்டகையில் கூட வேலை செய்த சின்னப் பெண்கள் அவளை ஒன்றும் சொல்லாமல் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். அவளுடைய முழங்கையில் கித்தான் விளிம்பு உரசி உரசி ஒரு காய்ப்பு வந்திருந்தது.

ஒரு மத்தியானம் உருளைக்குத் துணியே வரவில்லை. துவைக்கிற மிஷின் காலியாக நின்றது. கொட்டகையிலிருந்து வண்டி வரவில்லை. விசில் அப்போது ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதுசாக வந்தவர் சாப்பிடப் போயிருந்தார். உருளைக்காரி கொஞ்ச நேரம் சுற்றுகிற உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டு நடந்தாள். உலர்த்துகிற கூடத்தைத் தாண்டினாள். இரும்புக் கதவை அவள் தள்ளியபோதுதான் எங்கே போகிறாள் என்று எனக்கு உறைத்தது. நான் பின்னாலேயே போனேன்.

கொட்டகையில் சின்னப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பெரியக்கா ஒரு வண்டிக்குள் குனிந்திருந்தாள். சுற்றிலும் அவள் எடுத்துப் போட்ட துணி. வண்டியில் ஒன்றுமே இல்லை. இரண்டு கையும் உள்ளே இருந்தது, அவளால் வெளியே எடுக்க முடியவில்லை. தடவிக்கொண்டே இருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் உருளைக்காரி அதை அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள்.

காலடிச் சத்தம் கேட்டுப் பெரியக்கா திரும்பினாள். யார் என்று பார்த்ததும் உதடு கோணியது.

"பாத்துட்டேம்மா" என்றாள். "நல்லாத்தான் பாத்தேன். ஆனா போட வரல."

உருளைக்காரி வண்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். குனிந்தாள். தன் இரண்டு கையையும் உள்ளே விட்டாள். பெரியக்காவின் கைகளுக்குப் பக்கத்தில், அவசரப்படாமல், ஒரு மூலை, இன்னொரு மூலை, நடுவில், தையலோரம் என்று தொட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேருடைய தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல அண்ணி" என்றாள். "ஒண்ணும் இல்ல. வெறும் வண்டிதான்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நான் பாத்துட்டேன். நீங்க போடுங்க."

அவளே கீழே கிடந்த ஒரு விரிப்பை எடுத்துப் பெரியக்காவின் கையில் வைத்தாள். பெரியக்கா அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் போட்டாள். அடுத்ததை உருளைக்காரி எடுத்துக் கொடுத்தாள். அதையும் போட்டாள். வண்டி நிறைகிறவரைக்கும் அப்படியே நடந்தது. நானும் சின்னப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு உருளைக்காரி கிளம்பியபோது பெரியக்கா கேட்டாள். "வீட்டுக்கு ஒரு தரம் வரட்டுமாம்மா? உக்கார மாட்டேன். தம்பியப் பாத்துட்டு, வாசல்லயே நின்னுட்டு வந்துடறேன்."

உருளைக்காரி வண்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் பதில் சொல்ல முயன்றது தோளில் தெரிந்தது.

"வாங்க அண்ணி" என்றாள். பிறகு வண்டியை ஒரு அடி தள்ளினாள். "ஆனா இன்னைக்கு வேண்டாம்."

"சரிம்மா" என்றாள் பெரியக்கா உடனே. "இன்னைக்கு வேண்டாம். சரி. நீ போ, மிஷின் நிக்குது."

சக்கரச் சத்தம் கூடத்துக்குள் போய்த் தேய்ந்தது. பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சின்னப் பெண்களில் ஒருத்தி அடுத்த காலி வண்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்திவிட்டு, நீங்க உட்காருங்க பெரியக்கா, நான் பார்க்கிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தாள் அவள். விளிம்பைப் பிடித்து, மெதுவாகக் குனிந்து, கையை உள்ளே விட்டாள்.